போட்டிக்குப் படம் அனுப்பும் முன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒளிப்படக் கிளப் போட்டிகளைப் பற்றியவை. கிளப்புக்குக் கிளப் விதிகளில் சிறு மாற்றம் இருக்கும். எனவே எங்கள் பதிலோடு உங்கள் கிளப்பின் விதித்தாளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

தேரோட்டத்தில் எடுத்த படங்கள் மட்டும் அறுநூறுக்கு மேல் இருக்கின்றன. கிளப் போட்டிக்கு நான்குதான் அனுப்பலாம். எப்படிக் கழிப்பது? வீட்டில் ஒன்றைச் சொல்கிறார்கள், நண்பர் வேறொன்றைச் சொல்கிறார்.
— வாசகர், திருவாரூர்

அறுநூறிலிருந்து நேராக நான்குக்கு வர முடியாது. மூன்று சுற்றாகக் கழியுங்கள்.

முதல் சுற்றில் ரசனைக்கு வேலை கிடையாது. ஒவ்வொரு படத்தையும் 100 சதவீத அளவில் திறந்து மூன்றே விஷயங்களைப் பாருங்கள்: முக்கியமான முகத்தில் கண் கூர்மையாக விழுந்திருக்கிறதா, கை ஆடியதில் படம் முழுக்க இழுபட்டிருக்கிறதா, வெள்ளைப் பகுதி விவரமே இல்லாமல் வெளுத்துவிட்டதா. தேர்ப் படங்களில் அதிகம் அடிபடுவது மூன்றாவதுதான். காலை வெயிலில் வெள்ளை வேட்டிக்கும் வியர்த்த கறுத்த முதுகுக்கும் இடையில் வெளிச்ச வித்தியாசம் மிகப் பெரிது. கேமரா முதுகை வைத்து அளந்தால் வேட்டியின் மடிப்பெல்லாம் மறைந்து வெறும் வெள்ளைத் துண்டு மிஞ்சும். ரா ஃபைல் (கேமரா பதிந்த மூலக் கோப்பு) இருந்தால் ஹைலைட்டை, அதாவது வெளிச்சப் பகுதியை இறக்கி ஓரளவு மீட்கலாம், சுருக்கிச் சேமித்த ஜேபெக்கில் போனது போனதுதான். காவி, குங்குமம், சிவப்புப் பட்டு நிறைந்த படங்களில் இன்னொரு ஆபத்து உண்டு. மொத்த ஹிஸ்டோகிராம் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) சரியாகத் தெரியும், ஆனால் சிவப்பு நிறத்துக்கான சேனல் மட்டும் வலது சுவரில் முட்டி நிற்கும். பட்டில் நெசவு தெரியாமல் வண்ணம் பூசியதுபோல் இருந்தால் அதுதான் காரணம். மூன்று சேனல்களையும் தனித்தனியாகப் பாருங்கள்.

இரண்டாவது சுற்றில், ஒரே கணத்தில் தொடர்ச்சியாக எடுத்த பிரேம்களை அருகருகே வைத்து ஒன்றை மட்டும் நிறுத்துங்கள். வடம் பிடிப்பவர்களின் வரிசையை எடுத்துக்கொள்வோம். ஒரு பிரேமில் முன்னால் இருப்பவரின் கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது, முகத்தில் முழு வேகம் தெரிகிறது, ஆனால் பின்னால் இருப்பவரின் முழங்கை அவர் கன்னத்தை மறைக்கிறது. அடுத்த பிரேமில் முழங்கை இறங்கிவிட்டது, முகம் தெளிவு, ஆனால் பாதம் கணுக்காலோடு வெட்டுப்பட்டிருக்கிறது. இரண்டாவதை வையுங்கள். கணுக்காலில் வெட்டுப்பட்டது தவறுபோலத் தெரியும். கீழிருந்து இன்னும் கொஞ்சம் கிராப் செய்து தொடை நடுவில் வெட்டினால் அது நீங்கள் தீர்மானித்து வைத்த சட்டகமாகிவிடும். கன்னத்தை மறைத்த முழங்கைக்கு எந்தக் கிராப்பும் உதவாது.

மூன்றாவது சுற்றை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். மிஞ்சியவற்றைச் சின்னச் சின்னப் படங்களாகத் திரையில் பரப்பி, எது தள்ளி நின்றாலும் கண்ணை இழுக்கிறது என்று பாருங்கள். பிறகு திருவிழாவுக்கு வராத ஒருவரிடம் காட்டுங்கள். “நல்லா இருக்கா?” என்று கேட்காதீர்கள், நல்லா இருக்கு என்றுதான் பதில் வரும். “முதல்ல கண் எங்கே போச்சு? அடுத்து எங்கே போச்சு?” என்று கேளுங்கள். ஃபிளெக்ஸ் பேனர் எழுத்தையோ மூலையில் கிடக்கும் தண்ணீர் பாட்டிலையோ அவர் சொன்னால், கிராப் செய்ய முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் அந்தப் படத்தை விட்டுவிடுங்கள். எழுத்து எங்கே இருந்தாலும் கண் அதைப் படிக்கப் போய்விடும்.

இந்தச் சுற்றை நாங்கள் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. அந்தப் படத்துக்காக நீங்கள் நெரிசலில் பட்ட பாடு, மேளச் சத்தம், சாம்பிராணி வாசம் எல்லாம் உங்கள் நினைவில் படத்தோடு ஒட்டியிருக்கிறது. நடுவருக்கு அதில் எதுவும் கிடைப்பதில்லை. சில நொடிகள் திரையில் நிற்கும் செவ்வகம் மட்டுமே அவருக்கு. வீட்டாரும் உடன் வந்த நண்பரும் உங்கள் நினைவைப் பங்குபோட்டவர்கள் என்பதால்தான் அவர்கள் தேர்வு ஆளுக்கொன்றாகப் போகிறது.

கடைசி நான்கும் நான்கு விதமாக இருக்கட்டும். ஒரே வடம், ஒரே கோணம் என்று நான்கை அனுப்பினால் அவை ஒன்றையொன்று மட்டம் தட்டும். ஒரே படத்தை வண்ணத்தில் ஒரு பிரிவுக்கும் கறுப்பு வெள்ளையில் இன்னொரு பிரிவுக்கும் அனுப்பவும் வேண்டாம். பெரிய சலோன்களில் (ஒளிப்படப் போட்டிக் கண்காட்சிகளில்) அது விதிமீறல்.

“1920 × 1080 பிக்சல், எஸ்ஆர்ஜிபி, 2 எம்பிக்குள்” என்று விதி. என் நெட்டுவாக்குப் படம் திரையில் மிகச் சிறியதாகத் தெரிந்தது. 72 டிபிஐ என்றும் போட வேண்டுமா?
— வாசகி, ஈரோடு

1920 × 1080 என்பது உங்கள் படம் அடங்க வேண்டிய பெட்டியின் அளவு. அகலம் 1920-ஐத் தாண்டக் கூடாது, உயரம் 1080-ஐத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். கேமராவிலிருந்து வரும் 3:2 படம் படுக்கைவாக்கில் 1620 × 1080 ஆகும். நெட்டுவாக்கில் 720 × 1080. சதுரம் 1080 × 1080. நெட்டுவாக்குப் படத்துக்குத் திரையில் கிடைக்கும் பரப்பு படுக்கைப் படத்தில் பாதிக்கும் குறைவு. விதியை நீங்கள் மாற்ற முடியாது, படத்தை மாற்றலாம். தூரத்தில் சிறிய உருவம் இருக்கும் நெட்டைப் படம் இந்த அளவில் எடுபடாது, நெருக்கமான முகம் எடுபடும். மேலும் கீழும் வெறும் வானமும் தரையும் இருந்தால் 4:5-ஆகக் கிராப் செய்யுங்கள். அகலம் 864 பிக்சல் ஆகிவிடும், உருவமும் பெரிதாகும். பக்கங்களில் கறுப்புப் பட்டை சேர்த்து 1920-ஐ நிரப்ப வேண்டாம், விதியில் கேட்டிருந்தால் தவிர.

டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) எண்ணை மறந்துவிடுங்கள். திரைக்கு அது பொருட்டே இல்லை. 72 என்றாலும் 300 என்றாலும் 1620 பிக்சல் 1620 பிக்சல்தான்.

செய்யும் வரிசை முக்கியம். எடிட் முடித்த முழு அளவுப் படத்தைத் தனியாகச் சேமியுங்கள். அதன் நகலை எடுத்து முதலில் திரைகளுக்கான பொது வண்ண வரையறையான எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றுங்கள். போட்டோஷாப்பில் இதற்கு ‘கன்வெர்ட் டு ப்ரொஃபைல்’ என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பக்கத்திலேயே இருக்கும் ‘அசைன் ப்ரொஃபைல்’ எண்களை அப்படியே விட்டுவிட்டு அடையாளத்தை மட்டும் மாற்றும், வண்ணம் அங்கேயே பிசகிவிடும். மாற்றாமல் அதைவிட அகலமான வண்ண வரையறையான அடோபி ஆர்ஜிபியிலேயே அனுப்பினால் ப்ரொஃபைலை (எந்த வண்ண வரையறை என்று சொல்லும் குறிப்பை) படிக்காத மென்பொருளில் தோல் நிறம் சாம்பல் பூத்ததுபோல் சோகையாகத் தெரியும். அடுத்து அளவைக் குறையுங்கள். அதற்கும் பிறகுதான் ஷார்ப்பன் செய்ய (விளிம்புகளைக் கூர்மையாக்க) வேண்டும்: அன்ஷார்ப் மாஸ்க்கில் அமவுண்ட் 80 முதல் 100, ரேடியஸ் 0.3 முதல் 0.5 பிக்சல், த்ரெஷோல்ட் 0 அல்லது 1. பெரிய படத்துக்குப் போட்ட ஷார்ப்பனிங் சுருக்கும்போது கரைந்துவிடும். சுருக்கிய படத்துக்கு ரேடியஸை 1-க்கு மேல் ஏற்றினால் தோளைச் சுற்றியும் கோபுர விளிம்பிலும் வெள்ளைக் கோடு கிளம்பும். பழகிய நடுவர் கண்ணில் முதலில் படுவது அந்தக் கோடுதான்.

லைட்ரூமில் எக்ஸ்போர்ட் பெட்டியில் ‘விட்த் அண்ட் ஹைட்’ தேர்ந்து 1920, 1080 என்று கொடுத்தால் நெட்டைக்கும் படுக்கைக்கும் அதுவே கணக்குப் பார்த்துக்கொள்ளும். ‘டோன்ட் என்லார்ஜ்’ என்பதை டிக் செய்யுங்கள். ‘லிமிட் ஃபைல் சைஸ்’ என்பதில் 1900 கேபி கொடுத்தால் 2 எம்பிக்குள் நிற்கும். போட்டோஷாப்பில் ஜேபெக் தரத்தை 12-இல் தொடங்கி, அளவு மீறினால் 11, 10 என்று இறக்குங்கள். பிக்சலைக் குறைக்காதீர்கள். ஒருமுறை சேமித்த ஜேபெக்கைத் திறந்து திருத்தி மறுபடி ஜேபெக்காகச் சேமிக்கவும் வேண்டாம். ஒவ்வொரு முறையும் வானத்தில் கட்டம் கட்டமாகத் தடம் கூடும். திருத்தம் இருந்தால் முழு அளவுப் படத்துக்குப் போய்த் திருத்தி, மறுபடி நகலெடுங்கள்.

படத்தில் பெயர், கையெழுத்து, வெள்ளை பார்டர் போடலாமா?
— வாசகர், நாமக்கல்

பெயரும் கையெழுத்தும் கூடவே கூடாது. எடுத்தவர் யார் என்று தெரியாமல் மதிப்பெண் போடுவதுதான் முறை, பெயர் தெரிந்தால் நிராகரிப்பார்கள். கறுப்புத் திரையில் கறுப்புப் படத்தின் விளிம்பு கரைந்தால் 1 அல்லது 2 பிக்சல் சாம்பல் கோடு போதும், அதையும் விதி அனுமதித்தால் மட்டும்.

வீட்டு மானிட்டரில் அருமையாக இருந்த இரவுப் படம் கிளப் ப்ரொஜெக்டரில் கரிபிடித்ததுபோல் ஆகிவிட்டது. நிழலில் இருந்த பாட்டியின் முகமே தெரியவில்லை. ப்ரொஜெக்டரைக் குறை சொல்வதா, என்னையா?
— வாசகர், கோயம்புத்தூர்

பெரும்பாலும் உங்கள் மானிட்டரின் வெளிச்சத்தை. கடையிலிருந்து வந்த நிலையிலேயே விட்டால் பல மானிட்டர்கள் தேவைக்கு மேல் பிரகாசமாக இருக்கும். அதில் சரியாகத் தெரிய வைக்க நீங்கள் படத்தை இருட்டாக்கிவிடுகிறீர்கள். அளக்கும் கருவி வைத்திருப்பவர்கள் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலாவுக்குள் வைப்பார்கள். கருவி இல்லாவிட்டால் ஒரு வெள்ளை ஏ4 தாளைத் திரையருகே பிடியுங்கள். அறை விளக்கில் அந்தத் தாளும் திரையின் வெள்ளையும் ஏறக்குறைய ஒரே பிரகாசமாகத் தெரியும்வரை மானிட்டரைக் குறையுங்கள். மொபைலில் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். இப்போதைய மொபைல் திரைகள் பல வண்ணத்தைத் தூக்கிக் காட்டும். நிழலிலும் உள்ளதைவிட நன்றாகவே காட்டும்.

ப்ரொஜெக்டர் பக்கமும் குறை உண்டு. அறையில் கசியும் வெளிச்சம் திரையில் பட்டுக் கறுப்பைச் சாம்பலாக்கும், அடர்த்தியான நிழல்களுக்குள் இருக்கும் சிறு வித்தியாசங்கள் அந்தச் சாம்பலில் அமிழ்ந்துவிடும். 0 (முழுக் கறுப்பு) முதல் 255 (முழு வெள்ளை) வரையிலான அளவில் 20-க்குக் கீழே இருக்கும் எதையும் நடுவர் பார்ப்பார் என்று நம்பாதீர்கள். பாட்டியின் முகம் படத்துக்கு உயிர் என்றால் கன்னத்தின் வெளிச்சப் பக்கம் குறைந்தது 90, 100-இல் இருக்கட்டும். ஷேடோ ஸ்லைடரை ஏற்றி மொத்த இரவையும் பகலாக்க வேண்டாம். மெல்லிய பிரஷ்ஷால் முகத்தை மட்டும் தூக்குங்கள். பின்னணி இருட்டு இருட்டாகவே இருக்கட்டும். முடிந்தால் போட்டிக்கு முந்தைய கூட்டத்தில் உங்கள் படத்தை அதே ப்ரொஜெக்டரில் ஒருமுறை போட்டுப் பார்க்கக் கேளுங்கள்.

கூந்தன்குளத்தில் எடுத்த வர்ண நாரைப் படம். கூட்டுக்குக் குறுக்கே வந்த குச்சியை அழித்தேன், பின்னால் தெரிந்த வீட்டு ஓட்டுக் கூரையை இருட்டாக்கினேன், விக்னெட் கொடுத்து ஓரங்களை லேசாக இருட்டாக்கினேன். இயற்கைப் பிரிவில் தகுதி இல்லை என்று திருப்பிவிட்டார்கள். பறவையை நான் தொடவே இல்லையே?
— வாசகர், திருநெல்வேலி

சர்வதேச அமைப்பான ஃபியாப்பும் அமெரிக்க ஒளிப்படச் சங்கமான பி.எஸ்.ஏ-யும் ஏற்ற இயற்கைப் பிரிவு வரையறையைத்தான் இங்கும் பல கிளப்கள் பின்பற்றுகின்றன. அந்த வரையறைப்படி நீங்கள் செய்த மூன்றுமே விலக்கப்பட்டவை. பறவையைத் தொட்டீர்களா என்பது கேள்வி இல்லை. அன்று அங்கே இருந்தது படத்திலும் இருக்கிறதா என்பதே கேள்வி.

லென்ஸும் சென்சாரும் சேர்த்த குறைகளை நீக்கலாம்: தூசிப் புள்ளி, நாய்ஸ் (படத்தில் பொடிப் பொடியாகத் தெரியும் புள்ளிகள்), விளிம்பில் வரும் ஊதாக் கோடு, லென்ஸ் வளைவு. காட்சியில் இருந்ததை நீக்கவோ, சேர்க்கவோ, நகர்த்தவோ கூடாது. குச்சி காட்சியில் இருந்தது. வெளிச்சம், கான்ட்ராஸ்ட், வண்ணம் ஆகியவற்றை இயல்பான தோற்றத்துக்குக் கொண்டுவரலாம், ஒரு பகுதிக்கு மட்டும்கூடச் செய்யலாம். ஆனால் எதையாவது மறைப்பதற்காக இருட்டாக்குவதும் மங்கலாக்குவதும் கூடாது. எடிட்டிங்கில் விக்னெட் சேர்ப்பதும் கூடாது. இது பலருக்குத் தெரிவதில்லை, நல்ல படங்கள் இந்த ஒன்றிலேயே அடிபடுகின்றன. கிராப் செய்யலாம், நேராக்கலாம், முழுக்கக் கறுப்பு வெள்ளையாக்கலாம். செபியா என்ற பழுப்புச் சாயல் கூடாது.

அந்த ஓட்டுக் கூரையை நீங்கள் மறைத்திருக்கவே வேண்டாம். மனிதன் உண்டாக்கிய எதுவும் இயற்கைப் படத்தில் வரக் கூடாது என்பது பொது விதி. ஆனால் மனிதன் மாற்றியமைத்த சூழலுக்குப் பழகிவிட்ட உயிரினங்களுக்கு விலக்கு உண்டு, அதற்கு எடுத்துக்காட்டாகக் கூகையோடு நாரையும் அந்த வரையறையிலேயே குறிப்பிடப்படுகிறது. கூந்தன்குளத்தில் ஊருக்குள் நிற்கும் மரங்களில், வீடுகளுக்கு நடுவில்தான் அவை கூடு கட்டுகின்றன. வீட்டுக் கூரைக்கு மேலே நாரைக் கூடு இருப்பதுதான் அந்த ஊரின் இயற்கைக் கதை. ரா ஃபைலை மறுபடி திறந்து, கூரையும் கூடும் சேர்ந்து தெரியும்படி கிராப் செய்து அனுப்பிப் பாருங்கள். எங்கள் பார்வையில் அது முந்தையதைவிடக் கனமான படம்.

குச்சியை அடுத்த முறை எடுக்கும் இடத்திலேயே தீருங்கள். பெரிய லென்ஸில் நீங்கள் அரை அடி பக்கவாட்டில் நகர்ந்தாலே முன்னால் இருக்கும் குச்சி விலகிவிடும். கிளையை ஒடிப்பதோ இலையைக் கழிப்பதோ வேண்டவே வேண்டாம். அந்த நிழல் போனால் குஞ்சு வெயிலில் வாடும், காக்கை கண்ணிலும் படும். எவ்வளவு மதிப்பெண் கிடைத்தாலும் அதற்கு ஈடில்லை.

கேட்காவிட்டாலும் ஒன்று: ‘வனவிலங்கு’ என்று தனிப் பிரிவு இருந்தால் வண்டலூர் பூங்காப் புலியை அதற்கு அனுப்ப முடியாது. வீட்டு ரோஜாவும் வளர்ப்பு நாயும் இயற்கைப் பிரிவுக்கே வராது.

வெளுத்த வானத்தை மென்பொருளே மாற்றித் தருகிறது. நாய்ஸையும் ஏஐ குறைக்கிறது. எது சரி, எது தப்பு?
— வாசகி, சென்னை

ஃபியாப், பி.எஸ்.ஏ விதிகளில் அடிப்படை ஒன்றுதான்: படத்தின் ஒவ்வொரு பகுதியும் நீங்கள் எடுத்ததாக இருக்க வேண்டும். மென்பொருளோடு வரும் மேகம் வேறொருவர் எடுத்தது, ஜெனரேட்டிவ் ஃபில் (ஏஐ வரைந்து நிரப்பும் வசதி) போடும் புல்லை யாருமே எடுக்கவில்லை. இரண்டும் கூடாது. நீங்களே வேறொரு நாள் எடுத்த வானத்தை ஓப்பன் என்ற பொதுப் பிரிவில் சேர்க்கலாம், இயற்கை, டிராவல், பத்திரிகைப் படப் பிரிவுகளில் கூடாது. நாய்ஸ் குறைப்பதை பொதுவாக ஏற்கிறார்கள். அதிலும் 100 சதவீதத்தில் இறகையும் கண்ணிமையையும் பாருங்கள். அளவு மீறினால் மென்பொருள் இல்லாத இறகை வரைந்துவிடும், அல்லது உள்ளதை மெழுகாக்கிவிடும்.

ரா ஃபைலையும் அதற்கு முன்னும் பின்னும் எடுத்த பிரேம்களையும் முடிவு வரும்வரை அழிக்காதீர்கள். பரிசுக்கு வரும் படங்களுக்கு அசலைக் கேட்பது இப்போது வழக்கம். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பி இறக்கியது அசல் ஆகாது, அளவும் சுருங்கிக் கேமரா விவரமும் போயிருக்கும்.

கறுப்பு வெள்ளையில் குங்குமப் பொட்டை மட்டும் சிவப்பாக விட்டேன். மோனோகுரோம் பிரிவில் சேருமா?
— வாசகர், தஞ்சாவூர்

சேராது. ஒரே ஒரு நிறம் ஓரிடத்தில் இருந்தாலும் அது வண்ணப் படம். படம் முழுவதும் ஒரே சாயலில், உதாரணமாகச் செபியாவில் இருந்தால் ஃபியாப் அதை மோனோகுரோமாக ஏற்கும், இயற்கைப் பிரிவு மட்டும் விலக்கு. பொட்டைக் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்துக் காட்டலாம். மாற்றும்போது சிவப்பு ஸ்லைடரை இறக்கினால் பொட்டு கருக்கும். தோலிலும் சிவப்பு இருப்பதால் முகமும் சேர்ந்து மங்கும், அதனால் ஆரஞ்சை ஏற்றிச் சரிக்கட்டுங்கள்.

ஆண்டுப் போட்டிக்கு 12 × 18 பிரிண்ட் கேட்கிறார்கள். லேபில் போட்ட பிரிண்ட் இருட்டாக வந்தது, கறுப்பு வெள்ளைப் படத்தில் பச்சை அடித்தது, அட்டையில் மவுண்ட் செய்ததும் நெளிந்துவிட்டது. எதையெல்லாம் மாற்ற வேண்டும்?
— வாசகர், நாகர்கோவில்

பிக்சலிலிருந்து வருவோம். 12 × 18 அங்குலத்துக்கு 300 பிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்சல்) என்றால் 3600 × 5400 பிக்சல் வேண்டும். 24 மெகாபிக்சல் கேமராவின் 4000 × 6000 தாராளம். கிராப் செய்ததில் 2400 × 3600-க்குக் கீழே போய்விட்டால், அதாவது 200 பிபிஐக்குக் கீழே, கையில் வைத்துப் பார்க்கும் நடுவருக்குக் குறை தெரியும். அப்போது வேறு படத்தைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. 12 × 18 என்பது கேமராவின் 3:2 விகிதமே. 12 × 15 கேட்டால் நீளத்தில் 3 அங்குலம் போகும், எது போக வேண்டும் என்பதை நீங்களே கிராப் செய்து கொடுங்கள், லேபில் விட்டால் நடுவாக வெட்டுவார்கள்.

இருட்டுக்குக் காரணம் மேலே சொன்ன மானிட்டர். திரை தானே ஒளிரும், தாள் தன்மேல் விழும் ஒளியைத் திருப்பித் தருவதோடு சரி. நேராகப் பெரிய பிரிண்டுக்குப் போகாமல் ஓர் 8 × 12 தாளில் உங்கள் படத்தின் முக்கியப் பகுதியையே நான்காகப் பதியுங்கள்: ஒன்று உள்ளபடி, மற்ற மூன்றும் வெளிச்சத்தைப் படிப்படியாகக் கூட்டி. எந்தக் கட்டம் சரி என்று பகல் வெளிச்சத்திலும் டியூப்லைட்டிலும் பார்த்துவிட்டுப் பெரிய பிரிண்டுக்குக் கொடுங்கள். லேபில் “கரெக்‌ஷன் எதுவும் போடாதீங்க” என்று ஆர்டரிலேயே எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இயந்திரம் உங்கள் இருட்டைத் தவறென்று நினைத்து வெளிச்சமாக்கும், உங்கள் மாலைப் பொன்னிறத்தையும் கழுவிவிடும்.

கறுப்பு வெள்ளையில் பச்சை அடிப்பது வண்ணத் தாளில் போடுவதால். மூன்று வண்ணச் சாயங்கள் சேர்ந்துதான் அங்கே சாம்பல் உண்டாகிறது. அதில் ஒன்று இம்மி விலகினாலும் சாயல் தெரியும். சாம்பல் மை கொண்ட இங்க்ஜெட்டில் போடும் இடம் கிடைத்தால் அங்கே போங்கள். கிடைக்காவிட்டால் படம் முழுவதற்கும் மிக லேசான சூட்டுச் சாயல் (பழுப்பு கலந்த சாயல்) கொடுத்து அனுப்புங்கள். சிறு விலகல் அதில் அமுங்கிவிடும்.

தாளில் பளபளப்பான கிளாஸி வேண்டாம், அரங்கின் விளக்கு முழுவதும் அதில் தெரியும். மிதமாகப் பளபளக்கும் லஸ்டர் தாள் எல்லாவற்றுக்கும் பொருந்தும். மெட்டாலிக் தாள் கார், கட்டிடம், தண்ணீருக்கு நன்றாக இருக்கும். முகத்துக்கு வேண்டாம்.

நெளிந்தது பசையால். நாகர்கோவில் மழைக்காலக் காற்றில் தாள் ஈரம் குடித்து விரியும், போர்டு அதே அளவுக்கு விரியாது. நான்கு பக்கமும் இருபக்கப் பசை டேப் ஒட்டியிருந்தால் விரிந்த தாள் போக இடமில்லாமல் நடுவில் புடைக்கும். மேல் விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில் ஒட்டித் தொங்கவிடுங்கள். மேலே சன்னல் வெட்டிய போர்டு வைப்பதானால் வெளி அளவு 16 × 22, நான்கு பக்கமும் 2 அங்குல ஓரம் கிடைக்கும். சன்னலை 11¾ × 17¾ என வெட்டினால் தாளின் ஓரம் சுற்றிலும் எட்டில் ஒரு அங்குலம் உள்ளே அடங்கி, அதைப் பிடித்துக்கொள்ளும். போர்டு நிறம் வெள்ளை, இளம் சாம்பல், கறுப்பு, இவற்றோடு நிற்கட்டும். மொத்த அளவுக்கும் தடிமனுக்கும் உச்சவரம்பு இருக்கிறதா என்று வெட்டும் முன் விதியில் பாருங்கள்.

தலைப்பு, பிரிவு, பதிவு எண் ஆகியவற்றைப் போர்டின் பின்புறம் எழுதி, எது மேல்பக்கம் என்று ஓர் அம்புக்குறியும் போடுங்கள். பால்பாயின்ட் பேனாவால் பிரிண்டின் முதுகில் எழுதக் கூடாது, எழுத்து முன்பக்கம் புடைத்துத் தெரியும். அடுக்கிக் கொண்டுபோகும்போது இரண்டு பிரிண்டுகளுக்கு நடுவே பட்டர் பேப்பர் வையுங்கள். ஒன்றின் போர்டு மூலைதான் இன்னொன்றின் முகத்தில் கீறல் போடும்.